உப்புநீரின் பட்டயம்: ஜம்பாவா மராவிலியின் மரப்பட்டை ஓவியங்கள்

1996ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஆர்னம் லேண்ட் எனப்படும் நிலப்பகுதியின் கிழக்குக் கரையில், அலையாத்திக் காடுகளுக்கிடையே திருட்டுத்தனமாகப் போடப்பட்ட ஒரு மீன்பிடி முகாம் கண்ணில் பட்டது. கொடுவா மீனுக்காக வெளியிலிருந்து வந்தவர்கள் அமைத்த முகாம் அது. அங்கே வெட்டப்பட்ட ஒரு முதலையின் தலை கிடந்தது. அந்த இடத்தின் பெயர் கரங்காலி. ப்ளூ மட் வளைகுடாவை ஒட்டியது. உவர்நீர் முதலைகள் கூடுகட்டி முட்டையிடும் காடு. அக்கரைக்கு உரிய மதார்ப்பா குலத்தாருக்கு முதலை மூதாதை. கொன்றவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ளவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இருந்ததில்லை.

மதார்ப்பா குலத்தலைவர்களில் ஒருவரும் ஓவியருமான ஜம்பாவா மராவிலி இதைக் காவல் நிலையப் புகாரோடு முடிகிற காரியமாகக் கருதவில்லை. சுற்றுப்பட்டுக் குலங்களின் ஓவியர்களை அவர் ஒன்றுதிரட்டினார். இந்தக் கடல் யாருக்கு உரியது, எந்தச் சட்டத்தின்படி உரியது என்பதை அவரவர் பங்கிற்கு மரப்பட்டையில் தீட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 47 ஓவியர்கள் 80 பட்டைகளைத் தீட்டினார்கள். 'சால்ட்வாட்டர்', அதாவது உப்புநீர், என்ற பெயரில் அவை 1999 முதல் 2001 வரை ஆஸ்திரேலிய நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் 2008 ஜூலை 30 அன்று, அந்நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய ஹை கோர்ட், அக்கரையில் ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்குள் எவரும் அனுமதியின்றி மீன்பிடிக்க நுழைய முடியாது என்று தீர்ப்பளித்தது.

இந்த இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, ஓவியங்கள் கடலை வென்று கொடுத்தன என்று எழுதுவது கலை இதழ்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பைப் படித்தால், நீதிமன்றம் கொடுத்தது எது, ஓவியங்கள் கேட்டது எது என்ற இரண்டும் பொருந்தாமல் நிற்பது தெரியும். ஜம்பாவாவின் கலையைப் புரிந்துகொள்வதற்கு அந்தப் பொருந்தாமையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றுகிறது.

முதலில் அந்த ஓவியம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். ஆர்னம் லேண்டின் வடகிழக்கில் வாழும் மக்கள் தம்மை யோல்ங்கு என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஓவியத்துக்குப் பட்டை தருவது தைலமர வகைகளில் ஒன்று. அவர்கள் மொழியில் கடய்க்கா. மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போது பட்டை இலகுவாக உரிந்து வரும். அதைத் தீயில் வாட்டி, கல் ஏற்றி, தட்டையாக்குகிறார்கள். வண்ணங்கள் நான்கே: காவி, மஞ்சட்காவி, கறுப்பு, வெண்களிமண். இவற்றைக் கல்லில் இழைத்துப் பசை சேர்க்கிறார்கள். முன்பு ஒருவகை ஆர்க்கிட் செடியின் சாறு, இப்போது கடையில் விற்கும் மரப்பசை. மெல்லிய கோடுகளுக்குத் தூரிகை, மனிதத் தலைமயிரின் சில இழைகளைக் குச்சியில் கட்டிய மர்வட். முழுப் பட்டையையும் மயிரிழைக் கோடுகளால் குறுக்கும் நெடுக்குமாக நிரப்பவேண்டும். ஒரு பெரிய பட்டையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடிந்தபின் அந்தப் பரப்பு மினுங்குகிறது. அந்த மினுக்கமே மூதாதையரின் ஆற்றல் அங்கே இருப்பதன் அடையாளம் என்பது யோல்ங்குக்களின் கருத்து. ஹோவர்ட் மார்ஃபி போன்ற மானுடவியலாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

கோடுகளின் அமைப்பு ஓவியரின் கற்பனைக்கு விடப்பட்டதன்று. மின்ச்சி எனப்படும் இந்தப் புனித வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கும் ஓரிடத்துக்கும் உரியவை. சடங்குகளில் அவை மனிதர் மார்பில் தீட்டப்படுகின்றன. இறந்தவருக்கான மரத்தூண்களில் தீட்டப்படுகின்றன. யோல்ங்கு உலகம் துவா, யிரிட்ஜா என இரண்டு பாதிகளாகப் பகுக்கப்பட்டது. மனிதர், மீன், காற்று, மேகம், நீரோட்டம் அனைத்தும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவை. ஒரு பாதியினர் மறு பாதியிலேயே மணம் செய்யவேண்டும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தந்தையின் குலம் ஒரு பாதி, தாயின் குலம் மறு பாதி. தந்தைவழிக் குலத்தின் ஓவியம் ஒருவருக்கு உரிமை. தாய்வழிக் குலத்தின் ஓவியத்துக்கு அவர் காவலர். அது முறையாகத் தீட்டப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவருடையது. உரிமையில்லாதவர் தீட்டினால் அது திருட்டு. இதைக் கலைமரபு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நம்மவர் எவரேனும் பழைய செப்பேட்டை வாசித்திருந்தால் இது எளிதில் விளங்கும்: வம்ச வரலாற்றைப் பாடும் செய்யுளும் நிலத்தின் நான்கெல்லையைக் குறிக்கும் உரைநடையும் ஒரே உலோகத் தகட்டில் அடுத்தடுத்து நிற்கும், இரண்டும் சேர்ந்தே பத்திரம்.

மதார்ப்பா குலத்தின் பத்திரம் நெருப்பைப் பற்றியது. மூதாதையாகிய முதலைக்குப் பாரு என்று பெயர் (தமிழ்க் காதில் அது ஓர் ஏவல் வினையாக ஒலிப்பது தற்செயல்). ஆதியில் பாரு மனித உருவில் இருந்தான். அவனுடைய மனைவி நீலநாக்கு அரணை. கணவன் மனைவி பூசலில் அவர்களுடைய பட்டைக்குடிசை தீப்பிடித்தது. முதுகு வெந்த பாரு கடலில் பாய்ந்தான். முதலையின் முதுகிலுள்ள செதில்கள் அந்தத் தீக்காயங்கள். அவன் நெருப்போடு கடலில் இறங்கிய இடம் யாத்திக்பா என்னும் கரை. அந்த நெருப்பு அணையவில்லை. அங்கே நீருக்கடியில் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பின்னொரு காலத்தில் யாத்திக்பாவிலிருந்து இரு வேடர் தோணியில் ஆவுளியா வேட்டைக்குப் போனார்கள். (பாக் நீரிணைக் கரையில் கடற்பசுவை ஆவுளியா என்றுதான் சொல்கிறார்கள்.) ஈட்டிக்குத் தப்பிய ஆவுளியா அந்த நெருப்பு இருக்கும் இடத்தில் போய் ஒளிந்தது. நீர் கொதித்தது; தோணி கவிழ்ந்தது.

மதார்ப்பா ஓவியங்களில் சங்கிலியாகத் தொடரும் சாய்சதுரங்கள் இந்தக் கதையின் எழுத்து. அவை தீநாக்கு, முதலையின் முதுகு, கொந்தளிக்கும் உப்புநீர். இம்மூன்றில் எது என்று கேட்டால் ஓவியர் மூன்றும்தான் என்பார். இப்படி எரியும் கடல் எந்தக் குலத்துடையது, அதன் நீரோட்டம் எந்த அண்டைக் குலத்தின் நீரோடு எங்கே கலக்கிறது என்பதெல்லாம் சதுரங்களின் வடிவத்திலும் அவை அவிழ்ந்து திறக்கும் முறையிலும் குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தின் எல்லை கரையோடு முடிவதில்லை. அது தாழ்நீரைக் கடந்து, ஆழ்நீரைக் கடந்து, அடிவானத்தில் எழும் மேகம் வரை போகிறது.

ஜம்பாவா 1953இல் பிறந்தவர். அவருடைய தந்தை வாக்குதி மராவிலி குலத்தின் பெரியவர்களில் ஒருவர். இளமையில் மகனுக்கு இந்த வடிவங்களைக் கற்பித்தவர். மகனுடைய தலைமுறைக்கு இன்னொன்றையும் கற்கவேண்டியிருந்தது: வெள்ளையர் சட்டத்தின் முன்னால் இந்த வடிவங்களை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்பது.

அந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே நீண்ட வரலாறு இருந்தது. அதன் முதல் அத்தியாயம் ப்ளூ மட் வளைகுடாவின் நீரிலேயே நடந்தது. 1932இல் வடக்கே கேலிடன் வளைகுடாவில், கடல் அட்டை பிடிக்க வந்த ஜப்பானியர் ஐவர் கொல்லப்பட்டனர். அதை விசாரிக்கச் சென்ற காவலர் மக்கால் 1933இல் வூடா தீவில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். தகியார் விர்ப்பண்டா என்பவர் டார்வினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1934இல் தூக்குத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு ஹை கோர்ட் விசாரணை முறையற்றது என்று தண்டனையை நீக்கியது. விடுதலையான தகியார் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 2003இல் அவருடைய வழித்தோன்றல்கள் டார்வினுக்குப் போய், அவருக்குத் தண்டனை விதித்த அந்த நீதிமன்றத்திலேயே இறுதிச் சடங்கைச் செய்து, மின்ச்சி தீட்டிய மரத்தூண்களை அங்கே நிறுத்திவிட்டு வந்தார்கள்.

அடுத்த அத்தியாயம் யிர்க்கலாவில். 1935இல் மெதடிஸ்ட் சபையார் மிஷன் அமைத்த ஊர் அது. 1963 தொடக்கத்தில் அதைச் சுற்றியுள்ள கோவ் தீபகற்பத்தில் முந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை பாக்ஸைட் சுரங்கத்துக்காக மைய அரசு பிரித்தெடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளில் ஒரு பக்கம் யோல்ங்கு மொழி, இன்னொரு பக்கம் ஆங்கிலம். அந்தத் தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குலங்களின் வடிவங்களைத் தீட்டியிருந்தார்கள். 1963 ஆகஸ்டில் அது அவையில் வைக்கப்பட்டபோது, அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ஹாஸ்லக் கையெழுத்திட்டவர்களின் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கினார். பெரியவர்களின் கைரேகைகளோடு இன்னொரு மனு போயிற்று. நாடாளுமன்றக் குழு நேரில் வந்து கேட்டு, இழப்பீட்டையும் புனிதத்தலங்களின் பாதுகாப்பையும் பரிந்துரைத்தது. சுரங்கம் வராமல் நிற்கவில்லை.

இந்த மனுக்களில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாசித்தது நடுவிலுள்ள தட்டச்சு எழுத்தை. சுற்றியிருந்த ஓவியம் அவர்கள் கண்ணுக்கு அலங்காரக் கரை. எழுதியவர்களுக்கோ அதுதான் மனுவின் உயிர்ப்பகுதி: நாங்கள் யார், இந்த நிலத்தைப் பற்றிப் பேச எமக்கு என்ன அதிகாரம் என்பது அங்கேதான் சொல்லப்பட்டிருந்தது. இப்படித் தவறாக வாசிக்கப்படுவது அந்த மக்களின் ஓவியங்களுக்குப் பழகிப்போன கதை. மனுவுக்குச் சற்று முன்னர், துவா, யிரிட்ஜா இரு பாதியினரும் தத்தம் மூதாதைப் பயணங்களை இரண்டு பெரிய பலகைகளில் தீட்டி யிர்க்கலா தேவாலயத்தின் பீடத்துக்கு இருபுறமும் நிறுத்தியிருந்தார்கள். 1970களில் தேவாலயத்துக்குப் பொறுப்பாக வந்தவர்களுக்கு அவை பிடிக்கவில்லை. வெளியே தூக்கிப் போடப்பட்டன. இன்று அவை யிர்க்கலாக் கலைமையத்தில் தனி அறையில் இருக்கின்றன.

சுரங்கக் குழுமமான நபால்கோ மீதும் அரசின் மீதும் யோல்ங்குத் தலைவர்கள் தொடுத்த வழக்கில் 1971 ஏப்ரல் 27 அன்று நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். இது வாசிக்கத்தக்க தீர்ப்பு, சற்றுத் துயரத்தோடு. விசாரணையில் யோல்ங்குக்கள், வெளியாருக்குக் காட்டக்கூடாத தம் புனிதப் பொருள்களையே நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் நுட்பமான, உறுதியான சட்ட அமைப்பு இருக்கிறது என்பதை பிளாக்பர்ன் மறுக்கவில்லை, வியந்தே ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்த உறவு சொத்துரிமை ஆகாது என்றார். நிலம் இவர்களுடையது என்பதைவிட இவர்கள் நிலத்துடையவர்கள் என்பதே அவருக்குக் கிடைத்த சித்திரம். அப்படியொரு உரிமைக்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் இடமில்லை. யோல்ங்குக்கள் கேட்டால் இதில் முதற்பாதியை ஆமாம் என்பார்கள். அவர்கள் சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொண்ட ஒரு நீதிபதி, அதை வைத்தே அவர்களைத் தோற்கடித்தார்.

தோல்வி வீணாகவில்லை. உட்வர்ட் ஆணையத்தின் அறிக்கைகளைத் தொடர்ந்து 1976இல் வடக்கு ஆட்சிப்பகுதிக்கான பழங்குடி நிலவுரிமைச் சட்டம் வந்தது. ஆர்னம் லேண்ட் முழுவதும் பழங்குடியினரின் அறக்கட்டளை நிலமாயிற்று. அந்த நிலப்பட்டாவில் எல்லை, ஓதம் வற்றும் கோடு வரை என்று எழுதப்பட்டிருந்தது. இந்தச் சிறு தொடரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஜம்பாவா இந்த மரபில் நேரடியாக வந்து சேர்வது 1988இல். அவ்வாண்டு ஜூன் 12 அன்று பிரதமர் பாப் ஹாக்கிடம் வழங்கப்பட்ட பருங்கா அறிக்கையும் ஓவியத்தால் சூழப்பட்ட எழுத்துதான். அதன் உருவாக்கத்தில் அவர் பங்கேற்றார். ஹாக் ஒப்பந்தம் செய்துகொள்வதாக வாக்களித்தார். செய்யவில்லை. 1991 டிசம்பரில் பதவியின் கடைசி நாளில் அந்த அறிக்கையை நாடாளுமன்றக் கட்டடத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஓவியத்தைச் சுவரில் மாட்டுவது எப்போதும் எளிது.

இத்தனையும் கடந்தபின்தான் கரங்காலியில் அந்த முதலைத் தலை. 1963இன் மனுவுக்கும் 'சால்ட்வாட்டர்' ஓவியங்களுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பின்னதில் நடுவில் தட்டச்சுத் தாள் இல்லை. ஓவியமே முழுப் பத்திரம். எழுத்து, உடன் வெளியான நூலுக்குப் போய்விட்டது. இன்னொரு வேறுபாடு, யார் எந்த அளவு வெளிப்படுத்தலாம் என்பதில் நடந்த முடிவுகள். யோல்ங்கு அறிவு அடுக்கடுக்கானது. எல்லோர்க்கும் சொல்லத்தக்க புறக்கதை ஒன்று. சடங்கில் தகுதி பெற்றவருக்கு மட்டும் உரியவை உள்ளடுக்குகள். வெளியாருக்கு எதுவுமே காட்டாவிட்டால் உரிமை நிறுவப்படாது. எல்லாவற்றையும் காட்டினால் உரிமையின் அடிப்படையே கரைந்துபோகும். ஒவ்வொரு குலமும் தன் கடலின் எந்த வடிவத்தைத் திறக்கலாம் என்று பெரியவர்களோடு பேசியே முடிவு செய்யவேண்டியிருந்தது. நிலவுரிமைப் போராட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சான்று கேட்கிறவருக்கு ஒரு செலவும் இல்லை. தருகிறவர் ஒவ்வொரு முறையும் தம் உள்வீட்டிலிருந்து எதையாவது எடுத்துத் தரவேண்டியிருக்கிறது.

80 பட்டைகளையும் 2000இல் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் வாங்கிற்று. கலைக்கூடம் ஒன்று வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பல்களையும் கடல்வரைபடங்களையும் வைத்திருக்கும் இடத்தில், கடலுக்கு உரிமையாளர் உண்டு என்று சொல்லும் பத்திரங்கள் இருப்பதே பொருத்தம். அருகிலேயே வெள்ளையரின் கடல்வழிகள் காட்சிப் பொருளாக இருக்கும்போது வாதம் இன்னும் கூர்மையாகிறது.

இதற்குப் பிறகு ஜம்பாவா எடுத்த திருப்பம் அவருடைய கலைவாழ்வில் மிக முக்கியமானது என்பேன். கடல்வழக்கு நீதிமன்றத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், வெளியாருக்குப் புரியும்படி உருவங்களைத் தீட்டுவதை அவர் குறைத்தார். முதலையும் ஆவுளியாவும் தோணியும் கோடுகளுக்குள் அமிழ்ந்தன. உற்றுப் பார்த்தால் நீருக்கடியில் ஏதோ அசைவதுபோல் ஒரு வெளிவரை மட்டும் தெரியும், அல்லது அதுவும் தெரியாது. இதற்கு யோல்ங்கு மொழியில் புவயாக் என்று பெயர்: மங்கலாக இருத்தல், கண்ணுக்குத் தப்புதல். 2003இல் இதே பெயரில் சிட்னியில் ஒரு கண்காட்சி நடந்தது. நகரத்துக் கண்களுக்கு இது அரூப ஓவியமாகத் தெரிந்தது, சந்தையும் வரவேற்றது. நான் இதை வேறுவிதமாகவே வாசிக்கிறேன். உருவம் கதையின் புறத்தோல். யாரும் பார்த்து முதலை என்று சொல்லிவிடலாம். வடிவந்தான் உரிமை, அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு முதலை வேண்டியதில்லை. தெரியாதவருக்கு இனி எளிய பிடிமானம் கிடைக்காது. வெளியாருக்குத் திறந்துகாட்டிய ஒருவர், சில ஆண்டுகளிலேயே அதே வடிவங்களைக் கொண்டு கதவை மெல்லச் சாத்துகிறார். இரண்டுமே குலத்தலைவர் செய்யவேண்டிய வேலைகள்.

வழக்குக்கு வருவோம். தல்வாங்கு குலத்தின் பெரியவரும், யிர்க்கலா தேவாலயப் பலகைகளைத் தீட்டியவர்களுள் ஒருவருமான கவிரின் குமானாவின் பெயரால் தொடுக்கப்பட்டது அது. 2004இல் ஃபெடரல் நீதிமன்றம் ப்ளூ மட் வளைகுடாக் கரையிலுள்ள யில்பாரா என்ற ஊருக்கே வந்து அமர்ந்தது. பானியாலா என்றும் அழைக்கப்படும் இதுதான் ஜம்பாவாவின் ஊர். யோல்ங்குக்கள் சடங்கோடு நீதிமன்றத்தை எதிர்கொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அன்று அங்கே இரண்டு சட்டங்கள் நேருக்கு நேர் அமர்ந்தன. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை ஒரு சட்டமும் சில சாட்சிகளும்.

2005இல் நீதிபதி செல்வே, யோல்ங்குக்களுக்குக் கடலில் பூர்வீக உரிமை உண்டு என்று ஏற்றார். ஆனால் பிறரை விலக்கும் உரிமை இல்லை என்றார். குரோக்கர் தீவு வழக்கில் 2001இலேயே ஹை கோர்ட் அப்படி வரம்பிட்டுவிட்டது. 2007இல் மேல்முறையீட்டு அமர்வு ஓதநிலத்தைப் பொறுத்தமட்டில் யோல்ங்குக்களுக்குச் சாதகமாகத் திருப்பியது. வடக்கு ஆட்சிப்பகுதி அரசு ஹை கோர்ட்டுக்குப் போயிற்று. 2008இல் நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, யோல்ங்குக்கள் வென்றார்கள். வடக்கு ஆட்சிப்பகுதிக் கடற்கரையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இத்தீர்ப்பு தொட்டது. தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்புதான் பிரதமர் கெவின் ரட் யிர்க்கலாவுக்கு வந்து, 1963ஐ நினைவூட்டும் இன்னொரு ஓவிய மனுவைப் பெற்றுக்கொண்டு போயிருந்தார்.

வென்றது எதனால்? 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பட்டாவிலுள்ள அந்தச் சிறு தொடரால். ஓதம் வற்றும் கோடு வரை நிலம் இவர்களுடையது. நிலத்தின்மேல் நீர் வந்து நிற்கும் நேரத்திலும் அது இவர்களுடையதே. மீன்வளச் சட்டம் தரும் உரிமம் பிறர் நிலத்துக்குள் நுழைய அனுமதி தராது. தர்க்கம் இவ்வளவுதான். பாருவின் நெருப்பு அதில் இல்லை. நீரோட்டங்களின் கலப்பும் அடிவான மேகமும் இல்லை. நாடாளுமன்றம் தன் கையால் கொடுத்த பட்டாவை நீதிமன்றம் நேர்மையாகப் படித்தது. அந்தப் பட்டாவே 1963, 1971 ஆகிய ஆண்டுகளின் தோல்விகளிலிருந்து முளைத்தது என்ற அளவில் ஓவியங்களுக்கும் அதில் பங்குண்டு; அந்தப் பங்கு ஒரு தலைமுறைக்கு முந்தியது. 'சால்ட்வாட்டர்' ஓவியங்கள் செய்தது வேறு: இப்படியொரு வழக்கைத் தொடுக்கவேண்டும் என்ற உறுதியைப் பல குலங்களிடையே உண்டாக்கின, தம் கடலைப் பற்றித் தாமே ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தன. அது சிறிய காரியமன்று.

தீர்ப்புக்குப் பிறகும் ஜம்பாவா தீட்டிக்கொண்டே இருந்தார். 2019இல், அவ்வாண்டின் தேசியப் பழங்குடிக் கலைவிருதுகளில் தலைமை விருதை அவர் பெற்ற ஓவியத்தின் பெயர் 'அமெரிக்கப் பயணம்'. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் க்ளூகி-ரூ அருங்காட்சியகத்தில் யிர்க்கலாவின் பழைய பட்டைகள் இருப்பதைப் பார்க்கச் சென்ற பயணம் அது. மதார்ப்பா வடிவங்களுக்கு நடுவே, நியூயார்க் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவியின் சிலை நிற்கிறது. நகைச்சுவை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஊர்விட்டுப் போன பத்திரங்களைத் தேடிப் போன ஒருவர், அவை தங்கியிருக்கும் கரையைத் தம் சட்டத்தின் மொழியில் குறித்துக்கொண்டார் என்றே நான் பார்க்கிறேன். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'மடயின்' என்ற பெருங்கண்காட்சி, எட்டுப் பதிற்றாண்டுகளின் யிர்க்கலா ஓவியங்களோடு 2022இல் அமெரிக்காவில் தொடங்கியது. இம்முறை எதைக் காட்டலாம் என்று முடிவு செய்தவர்கள் யோல்ங்குக்கள்.

கோவ் சுரங்கத்தின் கணக்கும் நீண்டகாலம் முடியாமல் கிடந்தது. 1970இல் பிளாக்பர்ன் விசாரணையின்போது இளைஞராக மொழிபெயர்ப்பில் உதவிய கலர்வுய் யூனுபிங்கு, தம் குமாச் குலத்துக்காக 2019இல் இழப்பீட்டு வழக்கைத் தொடுத்தார். 2023 ஏப்ரலில் காலமானார். 2025 மார்ச் 12 அன்று ஹை கோர்ட், பூர்வீக உரிமையை அழித்ததற்கு நியாயமான ஈடு தர மைய அரசு கடமைப்பட்டது என்ற நிலையை உறுதிசெய்து, அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இடையில் 2023 அக்டோபர் 14 அன்று, பழங்குடியினருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் ஆலோசனைக் குரலை அரசமைப்பின் வழியாகத் தருவதற்கு நடந்த வாக்கெடுப்பு தோற்றிருந்தது. நாட்டுமக்கள் வாக்கில் மறுத்துப் பதினேழு மாதங்களில் நீதிமன்றம் ஈட்டுக்கு வழிதிறந்தது. இந்த வரலாற்றில் இப்படித்தான் ஒவ்வொன்றும் ஏறுக்குமாறாக வருகிறது.

ப்ளூ மட் வளைகுடாவில், தீர்ப்புக்குப் பின் பொழுதுபோக்கு மீன்பிடிப்போர் தடையின்றி வந்துபோவதற்குத் தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. பேச்சுவார்த்தை இழுபட, அது பல ஆண்டுகளுக்கு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. யோல்ங்குக்கள் விலக்கும் உரிமையை வென்றபின் பெரும்பாலும் விலக்கவில்லை. தம்மிடம் கேட்கவேண்டும் என்பதையே முதன்மையாக வலியுறுத்தினார்கள். சட்டம் அவர்களுக்கு ஒப்புக்கொடுத்த பகுதி ஓதம் வற்றும் கோட்டோடு நின்றுவிடுகிறது. யாத்திக்பாவில் பாரு கொண்டு இறங்கிய நெருப்பு எரிவது அந்தக் கோட்டுக்கு அப்பால், ஆழத்தில்.